தட்டுவதா, தள்ளுவதா? – பிஸ்டல் சைட்டைக் கழற்றி மாட்ட ஏற்ற கருவி எது?

(இயந்திரவியல் பிரிவு மாணவன், திருவாதவூர்)



‘அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பது நம் பழமொழி. நகரும், சந்தேகமே இல்லை. ஆனால் எவ்வளவு நகரும்? எந்த இடத்தில் நிற்கும்? நகரும்போது அம்மியின் மூலை உடையாமல் இருக்குமா? இந்த மூன்று கேள்விக்கும் பழமொழியில் பதில் கிடையாது. இயந்திரவியல் படிக்கிற நாம்தான் பதில் சொல்லணும்.

அதற்கு ஓர் உதாரணமாக, பிஸ்டலின் மேலே இருக்கும் ‘சைட்’ என்னும் சிறு உறுப்பைக் கழற்றி மாட்டும் வேலையை இந்தக் கட்டுரையில் எடுத்துக் கொள்கிறேன். பிஸ்டலா என்று பயப்பட வேண்டாம். நானும் அதைக் கையில் பிடித்துப் பார்த்தவன் இல்லை. ஆனால் அதில் இருக்கும் டவ்டெயில், இறுக்கப் பொருத்தம், திருகு மரை மூன்றும் நாம் பரீட்சைக்குப் படிப்பவைதான். பொருள்தான் புதிது, பாடம் பழையது.

சைட் என்பது என்ன?

பிஸ்டலின் மேல்பாகம் முன்னும் பின்னும் நகரக் கூடியது. அதற்கு ஸ்லைடு என்று பெயர். ஸ்லைடின் முன் முனையில் ஒரு சிறிய முள் நிற்கும். அது முன் சைட். பின் முனையில் நடுவில் வெட்டுள்ள ஒரு சிறு தகடு இருக்கும். அது பின் சைட். பின் வெட்டின் நடுவே முன் முள் தெரியும்படி வைத்து, இரண்டின் தலையும் ஒரே மட்டத்தில் நிற்கப் பார்த்துச் சுட்டால் குண்டு குறியில் படும். இரண்டு சைட்டுக்கும் இடையே உள்ள தூரத்தைச் ‘சைட் ரேடியஸ்’ என்பார்கள். சாதாரணச் சர்வீஸ் பிஸ்டலில் இது சுமார் 160 மி.மீ.

பல பிஸ்டல்களில் பின் சைட்டை ஸ்குரூ போட்டு முடுக்குவதில்லை. ஸ்லைடின் குறுக்கே ஒரு டவ்டெயில் காடி வெட்டியிருக்கும். சைட்டின் அடிப்பாகமும் அதே வடிவத்தில் இருக்கும். பக்கவாட்டில் இருந்து நுழைத்து இறுக்கி விடுவார்கள், அவ்வளவுதான். நம் ஒர்க்ஷாப் லேத்தில் கிராஸ் ஸ்லைடும் டவ்டெயிலில்தான் ஓடுகிறது. வித்தியாசம் என்னவென்றால் லேத்தில் அது ஓட வேண்டும். அதனால் இடைவெளி விட்டு, ஜிப் வைத்துச் சரி செய்கிறோம். சைட் ஓடவே கூடாது. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு வேகமாகப் பின்னே போய் மோதித் திரும்பும். அத்தனை அதிர்ச்சியிலும் சைட் அசையக் கூடாது என்றால் காடியைவிடச் சைட்டின் அடி கொஞ்சம் பெரிசாக இருக்கணும். அதுதான் இறுக்கப் பொருத்தம்.

ஆக, இந்த உறுப்பிடம் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு காரியங்களைக் கேட்கிறோம். சுடும்போது அது மலைபோல் நிற்க வேண்டும். சரி செய்யும்போது மயிரிழை மயிரிழையாக நகர வேண்டும். கருவி தேர்வில் உள்ள சிக்கல் முழுவதும் இதில் அடங்கிவிட்டது.

மயிரிழை என்றால் எவ்வளவு?

எங்கள் வீட்டில் வெர்னியரைத் தொட்ட முதல் ஆள் நான். வீட்டில் அளவு என்றால் சாண், முழம், கண் மதிப்பு. ஊரில் மிகச் சிறிய அளவு சொல்பவர் ஆசாரிதான். அவர் ‘ஒரு நூல்’ என்பார். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 3.2 மி.மீ. கதவு, ஜன்னலுக்கு அது போதும். சைட்டுக்குப் போதுமா? வடிவொத்த முக்கோணம் வைத்துப் பார்ப்போம்.

குறியில் விலகல் = சைட் விலகல் × குறியின் தூரம் ÷ சைட் ரேடியஸ்

சைட் ஒரு நூல் தள்ளி நின்றால், 25 மீட்டரில்:

3.2 × 25,000 ÷ 160 = 500 மி.மீ.

அரை மீட்டர்! குறி ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம். சரி, வெறும் 0.1 மி.மீ. தள்ளி நின்றால்? 15.6 மி.மீ. விலகும். 25 மீட்டர் பிஸ்டல் போட்டியின் துல்லியச் சுற்றில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 50 மி.மீ., அதாவது ஆரம் 25 மி.மீ. சைட் 0.16 மி.மீ. தள்ளினாலே, ஆடாமல் அசையாமல் நின்று சுட்டவரின் குண்டின் நடுப்புள்ளி அந்த வட்டத்தின் விளிம்புக்குப் போய்விடும். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் பத்து மதிப்பெண் வட்டம் இன்னும் சிறியது, விட்டம் 11.5 மி.மீ. 2024ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கியது அந்த வட்டத்தைப் பார்த்துச் சுட்டுத்தான்.

போட்டி ஒரு பக்கம் இருக்கட்டும். போலீஸ்காரர் இடுப்பில் இருக்கும் பிஸ்டலில் சைட் தவறி நின்றால் மதிப்பெண் போவதோடு முடியாது. குறிக்குப் பக்கத்தில் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தது. ஆகவே சைட்டை மாட்டுகிறவன் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குப் பொறுப்பு ஏற்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்க விடுகிற கருவி எது? இதுதான் கேள்வி.

சுத்தியலா, திருகா? – ஒரு கணக்கு

முதலில் எல்லோர் கையும் போவது சுத்தியலிடம்தான். அரை கிலோ சுத்தியல், வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வந்து அடிக்கிறது என்று வைத்துக் கொள்வோம்.

இயக்க ஆற்றல் = ½ × 0.5 × 4² = 4 ஜூல்

அந்த அடி 0.5 மி.மீ. தூரத்தில் நின்றால் சராசரி விசை = 4 ÷ 0.0005 = 8,000 நியூட்டன். ஏறக்குறைய 800 கிலோ எடை! நேரம் எவ்வளவு? ஒரு வினாடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு.

இப்போது திருகைப் பார்ப்போம். எம் 10 சாதாரண மரை. புரியிடைத் தூரம் 1.5 மி.மீ. கைப்பிடியின் நீளம் 100 மி.மீ. கையால் 100 நியூட்டன், அதாவது சுமார் 10 கிலோ விசை கொடுத்து ஒரு சுற்றுச் சுற்றினால்:

நாம் செய்யும் வேலை = 100 × 2 × 3.14 × 0.1 = 62.8 ஜூல்

உராய்வே இல்லை என்றால் கிடைக்கும் விசை = 62.8 ÷ 0.0015 = சுமார் 41,900 நியூட்டன். ஆனால் மரையிலும் திருகு முனையிலும் உராய்வு பெரும்பகுதியைத் தின்றுவிடும். எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது என்று வைத்தாலும் 5,200 நியூட்டனுக்குக் குறையாது. 500 கிலோவுக்கு மேல்!

இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விசையில் பெரிய வித்தியாசம் இல்லை. பின்னே எதில் வித்தியாசம்? சுத்தியல் அடி கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். பாதியில் நிறுத்த முடியாது. சைட் எங்கே போய் நின்றது என்பது அடித்த பிறகுதான் தெரியும். திருகை எந்த இடத்திலும் நிறுத்தலாம். ஒரு முழுச் சுற்றுக்கு 1.5 மி.மீ. என்றால் பன்னிரண்டில் ஒரு சுற்றுக்கு 0.125 மி.மீ. கடிகாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு முள் நகர்கிற கோணம்தான் அது. அளந்து நகர்த்தலாம், பார்க்கலாம், யோசித்து மறுபடி நகர்த்தலாம்.

சித்திரைத் திருவிழாவில் மதுரை மாசி வீதியில் தேர் வருவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடித்து இழுப்பது ஆயிரம் பேர். ஆனால் தேர் எங்கே திரும்பணும், எங்கே நிற்கணும் என்று தீர்மானிப்பது யார்? சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிற நாலு பேர். பலம் வடத்தில் இருக்கிறது. தேர் தெருவைவிட்டு விலகாமல் இருப்பது கட்டையால். நல்ல கருவி என்பதும் பலத்தோடு கட்டுப்பாட்டையும் சேர்த்துக் கொடுக்கிற ஒன்று.

என்னென்ன கருவிகள் உண்டு?

1. பஞ்சும் சுத்தியலும்: ஸ்லைடை மென்மையான தாடை போட்ட வைஸில் பிடித்து, பித்தளை அல்லது நைலான் பஞ்சை வைத்துத் தட்டுவது. இது மட்டமான முறை என்று தள்ளிவிட வேண்டாம். பல ஆண்டுகள் உலகம் முழுவதும் ஆர்மரர்கள் இப்படித்தான் செய்தார்கள். ஆசாரி உளியை இரும்புச் சுத்தியலால் அடிக்காமல் மரக் கொட்டாப்புளியால் அடிப்பது ஏன்? உளியின் பிடி பிளக்கக் கூடாது என்று. அதே நியாயம்தான் இங்கே பித்தளைக்கும். இரும்பைவிட மென்மையான பித்தளை தான் நசுங்கி, சைட்டைக் காப்பாற்றும். செலவு குறைவு. ஆனால் கை பழகியவருக்குத்தான் இது. பஞ்ச் ஒரு முறை வழுக்கினால் ஸ்லைடில் கீறல் நிரந்தரம்.

2. பொதுத் திருகுத் தள்ளி: ஒரு கனமான சட்டம். அதில் ஸ்லைடை இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப். பக்கவாட்டில் இருந்து ஒரு திருகு. திருகின் முனையில் சைட்டைத் தள்ளும் ஒரு கட்டை. பல மாடல் பிஸ்டலுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படும். பல வகை பிஸ்டல் வந்து போகும் இடத்துக்கு இதுதான் சரி.

3. ஒரே மாடலுக்கான தள்ளி: ஒரே வகை ஸ்லைடின் வடிவத்துக்கு ஏற்றபடி வெட்டிச் செய்தது. வேறு எதற்கும் ஆகாது. ஆனால் அந்த ஒரு வேலையை மிக வேகமாக, தவறாமல் செய்யும். ஒரே மாடல் நூற்றுக்கணக்கில் இருக்கும் படைப்பிரிவுக்கு ஏற்றது. ஜிக்ஸ் அண்டு பிக்ஸ்சர்ஸ் பாடத்தில் படித்தோமே, எண்ணிக்கை அதிகமானால் தனிப் பிக்ஸ்சர் செய்வது லாபம் என்று, அதேதான்.

4. ஆர்பர் பிரஸ்: புஷ் ஏற்ற நாம் பயன்படுத்துவது. விசை தாராளம். ஆனால் பல்சக்கரமும் ரேக்கும் உள்ள நெம்புகோலில் நுண்ணிய நகர்வு கைக்கு அடங்காது. ஸ்லைடைச் செங்குத்தாக நிறுத்திப் பிடிக்கத் தனியாக ஏற்பாடும் வேண்டும். சைட்டுக்கு இது வேண்டாம்.

பிஸ்டல் மட்டும் அல்ல, ரைபிளிலும் இந்தத் தத்துவத்தைப் பார்க்கலாம். ஏ.கே. வகைத் துப்பாக்கியில் முன் சைட்டின் முள் ஒரு சிறு உருளையில் மரையோடு நிற்கும். முள்ளைத் திருகினால் உயரம் மாறும். இடது வலது மாற்ற அந்த உருளையையே பக்கவாட்டில் தள்ள வேண்டும். அதற்கென்று ‘சி’ வடிவத்தில் திருகு வைத்த ஒரு சிறு கருவி உண்டு. கையடக்கமான தள்ளி! நம் ஊரில் இருந்து இரண்டரை மணி நேரப் பயணத்தில் உள்ள திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966ல் தொடங்கப்பட்டது. 2021 அக்டோபர் 1 முதல் மத்திய அரசின் அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்டு எக்விப்மென்ட் இந்தியா லிமிடெட் என்ற நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. ஏ.கே. வகையைச் சேர்ந்த திருச்சி அசால்ட் ரைபிள் அங்கே தயாரானதுதான்.

தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

மன்னன் பணத்தில் குதிரை வாங்கப் போன வாதவூரர் பிறந்த ஊர் எங்கள் ஊர். அவர் குதிரை வாங்காமல் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குப் பணத்தைச் செலவு செய்தார் என்பது வரலாறு. நமக்கு அந்தச் சலுகை கிடையாது! கருவி வாங்கப் போனால் சரியான கருவியோடுதான் திரும்பணும். ஆகவே இந்த ஆறையும் கேளுங்கள்.

முதல் கேள்வி: தள்ளும் கட்டை சைட்டின் அடியில் படுகிறதா, தலையில் படுகிறதா? இறுக்கம் இருப்பது அடியில், டவ்டெயிலில். விசையும் அங்கேயே போக வேண்டும். 5,000 நியூட்டன் விசை 3 மி.மீ. உயரத்தில் பட்டால் 15 நியூட்டன் மீட்டர் கவிழ்ப்புத் திருப்பம் உண்டாகும். சைட் காடிக்குள் சாய்ந்து கவ்விக் கொள்ளும். தள்ளத் தள்ள இன்னும் இறுகும். கட்டையின் உயரத்தை மாற்றும் வசதி கட்டாயம் வேண்டும். ஸ்லைடின் மேல் உரசாமல், அதே சமயம் எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ்வாகப் படணும்.

இரண்டாவது: ஸ்லைடை எப்படிப் பிடிக்கிறது? சில ஸ்லைடுகள் பெட்டி மாதிரி நேர்ப் பக்கம் உள்ளவை. சில மேலே போகப் போகச் சரியும். சரிந்த பக்கத்தை நேர்த் தாடையில் பிடித்தால் கோடு மாதிரி ஓர் இடத்தில் மட்டும் பட்டு, தள்ளும்போது துள்ளும். ஸ்லைடின் சரிவுக்கு ஏற்ற நைலான் அல்லது அலுமினியப் பேடு கூடவே வருகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது: திருகின் முனை சைட்டிலேயே சுற்றுகிறதா? சுற்றினால் சைட்டில் வட்ட வட்டமாகக் கீறல் விழும், பக்கத்துக்கும் இழுக்கும். திருகு சுற்ற வேண்டும், கட்டை சுற்றாமல் நேராக நகர வேண்டும். வழிகாட்டிக் காடியில் ஓடும் கட்டையே நல்லது. நம் பெஞ்ச் வைஸின் நகரும் தாடை இப்படித்தான் வேலை செய்கிறது.

நாலாவது: சட்டம் வளையுமா? ‘சி’ கிளாம்பை மிகவும் முடுக்கினால் வாய் விரிவதைப் பார்த்திருக்கிறோம். சட்டம் வளைந்தால் திருகின் அச்சு சாயும். நாம் எண்ணுகிற சுற்றும் சைட் நகரும் அளவும் ஒத்துப் போகாது. வளைந்த சட்டம் வில் மாதிரி. பிடி விட்டதும் சைட் திடீரென்று குதிக்கும். எடை அதிகமான கருவியைத் தூக்கத்தான் சிரமம். வேலைக்கு அது நல்லது.

ஐந்தாவது: மரை எப்படி? நெருக்கமான மரை என்றால் நகர்வு நுண்மையாக இருக்கும். எம் 10ல் 1 மி.மீ. நுண்மரை போட்டால் கால் சுற்றுக்கு 0.25 மி.மீ.தான். சதுர மரை, டிரபிசாய்டல் மரை என்றால் தேய்மானம் தாங்கும். எதுவானாலும் கிரீஸ் போடணும். திருகும் பேடும் தேய்ந்தால் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

ஆறாவது: இரண்டு பக்கமும் தள்ளுமா? நகர்த்துவது என்றால் போவது மட்டும் அல்ல, திரும்புவதும்தான். கருவியைக் கழற்றாமலே எதிர்ப்பக்கம் தள்ள முடிந்தால் நேரம் மிச்சம்.

விலை ஏழாவது கேள்வி. அதை முதலில் கேட்டால் மற்ற ஆறும் மறந்துபோகும்.

வேலை செய்யும் முறை

ஒழுங்கு முக்கியம். முதல் காரியம் குண்டு இல்லை என்று உறுதி செய்வது. மேகசினை எடுக்கணும், அறையைத் திறந்து கண்ணால் பார்க்கணும், விரலாலும் தடவிப் பார்க்கணும். பிறகு ஸ்லைடைத் தனியாகப் பிரித்து எடுக்க வேண்டும். இதில் குறுக்கு வழியே கிடையாது.

அடுத்து, தயாரிப்பாளரின் கையேட்டைப் படிக்க வேண்டும். சில சைட்டின் நடுவில் சிறு ஆலன் ஸ்குரூ இருக்கும். அதைத் தளர்த்தாமல் தள்ளினால் காடி கிழியும். சில மாடலில் பின் சைட்டுக்கு அடியில் ஒரு சிறு ஸ்பிரிங் அடங்கியிருக்கும். சைட் வெளியே வந்ததும் அது பறந்து போகும். இரவில் ஒளிரும் சைட்டில் டிரிட்டியம் வாயு அடைத்த கண்ணாடிக் குழல் உண்டு. அதன் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டு. அது மங்கியதும் சைட்டை மாற்றுவார்கள். கண்ணாடி இருப்பதால் சுத்தியல் அங்கே மிகப் பெரிய விரோதி. எந்தப் பக்கத்தில் இருந்து தள்ளுவது என்பதும் மாடலைப் பொறுத்தது. பின்னால் இருந்து பார்க்கும்போது இடமிருந்து வலமாகக் கழற்றி, வலமிருந்து இடமாக மாட்டுவது பரவலான வழக்கம். ஆனால் கையேடு வேறு சொன்னால் கையேடுதான் சரி.

கழற்றும் முன் பழைய சைட்டின் நிலையை வெர்னியரால் இரண்டு பக்கமும் அளந்து எழுதிக் கொள்ள வேண்டும். ஸ்லைடின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால் கீறல் விழாது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவிடுவதும் நல்லது.

புதுச் சைட்டைக் கையால் நுழைத்துப் பார்க்கணும். காடியின் மூன்றில் ஒரு பங்கு வரை கைவிரலாலேயே போக வேண்டும். அதற்குப் பிறகு தள்ளி. கொஞ்சம்கூட நுழையவில்லை என்றால் அராவ வேண்டியது சைட்டின் அடியை. ஸ்லைடின் காடியை அல்ல. ஏன்? சைட் கெட்டால் இன்னொரு சைட் வாங்கலாம், ஸ்லைடு கெட்டால் முதலுக்கே மோசம். முக்கோண அரத்தில் ஒரு முகத்தைத் தீட்டி வழுவழுப்பாக்கி, அதாவது சேப் எட்ஜ் ஆக்கி, இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு தரம் நுழைத்துப் பார்க்கணும்.

நடுவில் வந்ததும் இரண்டு பக்க அளவும் சமமா என்று பார்த்துவிட்டு, பிறகு சுட்டுப் பார்த்துத் திருத்த வேண்டும். உதாரணமாக 25 மீட்டரில் குண்டுகள் 40 மி.மீ. இடது பக்கம் விழுகின்றன. பின் சைட்டை எவ்வளவு நகர்த்துவது?

40 × 160 ÷ 25,000 = 0.256 மி.மீ.

எந்தப் பக்கம்? பின் சைட்டைக் குண்டு போக வேண்டிய பக்கமே நகர்த்தணும். இங்கே வலது பக்கம். முன் சைட்டாக இருந்தால் எதிர்ப்பக்கம். 1.5 மி.மீ. மரையில் இது ஏறக்குறைய ஆறில் ஒரு சுற்று. கட்டை சைட்டைத் தொட்ட பிறகுதான் எண்ண ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முந்திய சுற்று வெறும் தொய்வு, கணக்கில் வராது. இந்த ஆறில் ஒரு சுற்றைச் சுத்தியலால் அடித்துக் காட்டச் சொன்னால் எத்தனை பேரால் முடியும்?

போட்டிக்கான பிஸ்டல்களில் இந்தத் தொல்லையே இல்லை. சைட்டுக்குள்ளேயே சிறு திருகு வைத்து, ‘கிளிக் கிளிக்’ என்று எண்ணி நகர்த்தும்படி செய்துவிட்டார்கள். அதாவது தள்ளியையே சைட்டுக்குள் குடிவைத்துவிட்டார்கள்!

சட்டத்தையும் படிப்போம்

இவ்வளவும் படித்துவிட்டு யாரும் ‘செய்துதான் பார்ப்போமே’ என்று கிளம்பக் கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி துப்பாக்கியைச் செய்வது, விற்பது போலவே தொழிலாகப் பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். அந்தச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லில் அதன் உறுப்புகளும் அடங்கும். 2019ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, 5ஆம் பிரிவை மீறுவோருக்குக் குறைந்தது 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறைத் தண்டனை. நம்மில் பட்டறை வைக்கப் போகிறவர்கள் உண்டு. தெரிந்தவர் ஒருவர் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து ‘சும்மா கொஞ்சம் சரி பண்ணிக் குடு தம்பி’ என்று கேட்டால், முடியாது என்று சொல்லவும் தொழில் தெரிந்திருக்கணும். ராணுவத்திலும் போலீஸிலும் உள்ள ஆர்மரர்கள், தொழிற்சாலை ஊழியர்கள், உரிமம் பெற்ற கடைக்காரர்கள், இவர்களுடைய வேலை இது.

அப்படியானால் நமக்கு எதற்கு?

நியாயமான கேள்வி. பதில் நம் வயல் மோட்டாரிலேயே இருக்கிறது. ஊரில் பம்ப்செட் மோட்டார் சத்தம் போட ஆரம்பித்தால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். 6205 பேரிங் என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ. அதைக் கழற்றுவதற்குப் பல இடங்களில் இன்றும் உளியும் சுத்தியலும்தான். பேரிங் இறுகியிருப்பது ஷாப்டில், அதாவது உள் வளையத்தில். அடி விழுவதோ வெளி வளையத்தில். நடுவில் இருக்கும் குண்டுகள் வழியாக அந்த அடி பாய்ந்து, ஓடுபாதையில் குழி விழும். புதுப் பேரிங்கை இப்படி ஏற்றினால் ஏற்றும்போதே அதன் ஆயுளில் ஒரு பகுதி போய்விட்டது. சைட்டுக்குச் சொன்ன அதே விதி இங்கேயும்: இறுக்கம் எங்கேயோ, விசையும் அங்கே. அதற்குத்தான் பேரிங் புல்லர் இருக்கிறது. அதுவும் ஒரு திருகுதான்.

ஏற்றும்போது இன்னொரு வழியும் உண்டு. 25 மி.மீ. உள்விட்டத்தை 30 பாகையில் இருந்து 100 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் ஏறக்குறைய 0.02 மி.மீ. விரியும்; அடிக்காமலே ஏறிவிடும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி மாட்டி, தண்ணீர் ஊற்றி இறுக்கிய நம் கொல்லர்கள் இந்தப் பாடத்தைப் புத்தகம் இல்லாமலே நடத்தியவர்கள். ஆனால் சைட்டுக்குச் சூடு ஆகாது. ஸ்லைடின் மேல்பூச்சு கெடும், கண்ணாடிக் குழலும் தாங்காது. ஒரே இறுக்கப் பொருத்தம், பொருளுக்குத் தகுந்த வழி.

டிப்ளமோ முடித்தவர்களும் அப்ரண்டிஸ் சட்டம் 1961ன் கீழ் ஓராண்டுப் பயிற்சிக்குச் சேரலாம். துப்பாக்கித் தொழிற்சாலையோ, பம்ப் கம்பெனியோ, எங்கே போனாலும் ஒரு நாள் யாராவது நம் கையில் ஓர் இறுகிய உறுப்பைக் கொடுத்து ‘கழற்று’ என்பார்கள். அப்போது பக்கத்தில் சுத்தியல் கட்டாயம் இருக்கும். சுத்தியலை எடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள். இறுக்கம் எந்த இடத்தில் இருக்கிறது? என் விசை அந்த இடத்துக்குத்தான் போகிறதா? நான் நினைத்த இடத்தில் இதை நிறுத்த முடியுமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று பதில் வருகிற கருவி எதுவோ, அதுவே அந்த வேலைக்கு ஏற்ற கருவி. சில வேலைக்கு அது சுத்தியலாகவே இருக்கலாம். கவலை இல்லை, கேட்டுவிட்டு எடுத்தோமே, அது போதும்.

சுத்தியலை ஓங்க யாரும் பாலிடெக்னிக்குக்கு வர வேண்டியதில்லை. ஆறில் ஒரு சுற்றோடு கையை நிறுத்தக் கற்றுக்கொள்ளத்தான் நாம் வந்திருக்கிறோம்.